வெந்நீர் திறக்காத வீடு

அன்புள்ள அக்காவுக்கு, உன் தம்பி கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் மூட்டுவலி எப்படி?

இங்கே மொட்டைமாடிகளில் வெயிலிலேயே தண்ணீர் சுடவைக்கும் தொட்டிகள் எல்லாம் என் பொறுப்பு. சூரியனே என்னைக் கேட்டுத்தான் உதிக்கிறது. எல்லாம் ஆட்டோமேட்டிக், ஏதாவது குறை என்றால் தொட்டியே என் போனுக்குச் செய்தி அனுப்பிவிடும்.

நேற்று ஒரு தொட்டி, 'முந்தாநாளிலிருந்து யாரும் வெந்நீர் திறக்கவில்லை' என்றது. அந்த வீட்டு டீச்சரம்மா தனியாக இருப்பவர். புலிப் பாய்ச்சலில் ஓடினேன். கதவை உடைத்தேன் என்றே வைத்துக்கொள். சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. காய்ச்சலில் சுருண்டு கிடந்தவர் கண் திறந்து, "உனக்கு யாருப்பா சொன்னது?" என்றார்.

"உங்க தொட்டிதாம்மா கோள் சொல்லிடுச்சு" என்றேன். சிரித்துவிட்டார். இப்போது ஆஸ்பத்திரியில் தேறிவருகிறார். டாக்டரே எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார்.

அக்கா, நீயும் அங்கே தனியாகத்தான் இருக்கிறாய். உன் அடுப்பில் இருக்கும் அண்டா எனக்கு எதுவும் சொல்லாது. தினமும் குளித்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு. போனில் கேட்டால் "போடா, வேலையப் பாரு" என்பாய், அதனால்தான் எழுதுகிறேன். பேசக்கூட வேண்டாம், மணி அடித்தால் போதும். அதற்கப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கும்.

சூப்பர்வைசர் கத்துகிறார், நானில்லாமல் அவருக்குக் கை ஓடாது.

இந்தத் தெருவுக்கே காவல்காரனான
உன் தம்பி