சிட்டுவுக்குத் தொந்தி விழுந்துவிட்டது, மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

போன இடத்திலாவது பீடியை விட்டாயா? இங்கே எனக்கு உட்கார முடியவில்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்துபோய் உன் நாய் சிட்டுவின் பின்னந்தொடையைத் தடவிப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். அது என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறது.

சேதி இதுதான். நாளைக் காலை விக்கிரமங்கலத்தில், அறுவடை முடிந்த வயலில் நாய்ப் பந்தயம். உன் தம்பி குமார் உன் நினைவாகச் சிட்டுவின் பெயரைக் கொடுத்துவிட்டான். பேனரில் நீ கூலிங் கிளாஸ் போட்டு நிற்கிறாய். பக்கத்தில் சிட்டு, போன வருஷத்து இடுப்போடு.

அந்த இடுப்பு இப்போது எங்கே? அமாவாசைக்கு அமாவாசை உனக்குப் படைக்கிறோம். காக்காய்க்கு ஓர் உருண்டை, மீதி இலை சிட்டுவுக்கு. ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பிடித்த குடல் குழம்பு, அதுவும் சிட்டுவுக்கு. “அவரே சாப்புடுற மாதிரி இருக்குண்ணே” என்று என் தங்கச்சி கண்ணைத் துடைத்தால் நான் என்ன பேச? தடவினால் விலா எலும்பு விரலுக்குத் தட்டணும் என்பாய். இப்போது அதைத் தடவுவதும் என்னைத் தடவுவதும் ஒன்றுதான்.

நீ எப்படிப் பழக்கினாய்! முதலில் நடை, பிறகு துள்ளுநடை, கடைசியில்தான் ஓட்டம். தொடை இறுகட்டும் என்று திருமழபாடிக்குக் கொண்டுபோய்க் கொள்ளிடத்து ஈரமணலில் நடக்கவிட்டாய். ஓடும் முன் உடம்பு சூடேற நடை, ஓடியபின் மூச்சு இறங்க நடை. எல்லாம் அதற்கு. நீ மட்டும் பீடியோடு மொபெட்டில். அதில் கால்வாசி உன் நெஞ்சுக்குச் செய்திருக்கக் கூடாதா?

நேற்று குமாரிடம் சொன்னேன்: “மாசக்கணக்கா கட்டிக் கெடக்குதுடா. திடீர்னு அவுத்துவுட்டா சதை கிழிஞ்சிரும்.”

“ரத்தத்துலயே ஓட்டம் இருக்கு மச்சான். நீங்க பஸ்ஸு புடிக்க ஓடி சுளுக்கிக்கிட்டீங்கன்னு ஊர்ல யாருமே ஓடக்கூடாதா?”

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நடந்தது அவனுக்கு எப்படித் தெரிந்தது? அந்தக் காலுக்கு இன்னும் தைலம் போடுகிறேன்.

அதற்குள் தங்கச்சி வெளியே வந்தாள். “ஓடும் தம்பி. வலிச்சாலும் நிக்காம ஓடும். ஒங்கண்ணனும் நெஞ்சு வலிக்கிறதச் சொல்லாமத்தான் வண்டியக் கௌப்புனாரு. இந்த வூட்லேருந்து இன்னொரு தடவ தூக்கிட்டு ஓட எனக்குத் தெம்பில்ல.”

குமார் குனிந்து சிட்டுவின் வயிற்றைத் தடவிப் பார்த்தான்.

“பேனர் வச்சாச்சே அண்ணி. ஊருக்கு என்ன சொல்றது?”

“ஓட வேணாம். பந்தயத்துக்கு முன்னாடி கயித்தோட ஒரு நடை நடக்கட்டும்.”

“கயித்த யாரு புடிக்கிறது?”

இரண்டு பேரும் என் வயிற்றைப் பார்த்தார்கள்.

ஆக, நாளை வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இரண்டு தொந்திகள் ஊர்வலம் போகின்றன. மைக் பிடிப்பவன் சும்மா விடுவானா? நீ இருந்தால் நீயே பிடுங்கிப் பேசியிருப்பாய்.

மாப்ளே, சத்தியம் செய்கிறேன். நாளையோடு விடமாட்டேன். கொள்ளிடத்து மணலில் நானும் இறங்கி நடப்பேன். சிட்டுவின் விலா என் விரலுக்குத் தட்டும்வரை ஓட்டத்துக்குக் கயிற்றை அவிழ்க்கமாட்டேன். அடுத்த அமாவாசை முதல் அதற்கும் ஓர் உருண்டைதான்.

உனக்குப் பசிக்கும். பொறுத்துக்கொள்.

இப்படிக்கு,
நாளை ஊர் சிரிக்க நடக்கப்போகிற உன் மச்சான்