குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிவிடு

ஆரணி,
சனிக்கிழமை

என் அருமை மகள் லிடியாவுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. கர்த்தர் கிருபையில் அப்பாவும் நானும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் சீமையில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று காலையில் அடுப்பு பற்ற வைக்கும்போதே உன் பெயரைச் சொல்லி ஜெபித்துவிடுகிறேன். அருள்ராஜ் சார் மகள் சத்யப்ரியாவுக்கு உங்கள் கார்க் ஊரிலேயே நர்ஸ் வேலை கிடைத்துத் திங்கட்கிழமை விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதையும் பருப்புப்பொடி, கொத்தவரை வற்றல், உன் பழைய ஸ்வெட்டர் எல்லாவற்றையும் கொடுத்தனுப்புகிறேன். வாரா வாரம் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிற இடத்தில் பாதி நீ பார்த்துக்கொள்ளும் அந்தக் குழந்தை கிளாராவின் முகம்தான் தெரிகிறது, நான் ஒரு வார்த்தை சொன்னால் அது ஒன்பது வார்த்தை சொல்கிறது, நீயும் அதன் பக்கம் திரும்பிவிடுகிறாய். காகிதம் என்றால் நீ எனக்கு மட்டும்தானே.

இங்கே ஆடி பிறந்ததும் பட்டுப்புடவை ஆர்டர் குறைந்துவிட்டது, முந்தானைக்குக் குஞ்சம் கட்ட வாரத்துக்கு நாலு ஐந்து புடவைதான் வருகிறது, அப்பா தறியில் ஒரு மயில்கழுத்துப் பச்சை ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டு அபிதகுசாம்பாள் உன்னைப் பற்றிக் கேட்காத நாள் இல்லை. பொண்ணு எம்எஸ்சி படிக்கப் போனாளா, புள்ள பாத்துக்கப் போனாளா என்று போன வாரம் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எல்லோரும் கேட்கக் கேட்டாள். கோடை விடுமுறையில் அங்கே எல்லாப் பிள்ளைகளும் ஏதாவது வேலை பார்ப்பார்கள், அவள் ஒரு டாக்டரம்மா வீட்டில் இருக்கிறாள் என்று சொன்னேன். உண்மையில் நீ முதலில் இந்த வேலையைச் சொன்னபோது எனக்குப் பிடிக்கவில்லை. உனக்கு நாலு வயதாக இருக்கும்போது அப்பாவுக்கு லாரி இடித்துக் கால் முறிந்து தறியில் உட்கார முடியாமல் போனதும் நான் குவைத்துக்குப் போய் ஐந்து வருஷம் அடுத்தவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன், அந்த வேலை என்னோடு போகட்டும் என்று இருந்தேன். பிறகு நீ அந்த வீட்டைக் காட்டினாய், உனக்கு மாடியில் ஜன்னல் வைத்த தனி அறை, கிளாராவின் அம்மா அந்த டாக்டர் ஓர்லா உனக்கு டீ ஊற்றிக் கொடுக்கிறாள், அவர்கள் சாப்பிடும் மேசையிலேயே நீயும் சாப்பிடுகிறாய். குவைத்தில் நான் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டவள். என் மகள் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று சந்தோஷம் வந்திருக்க வேண்டும், அது வருவதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. பெற்ற மகள் மேலேயே பொறாமையா என்று கேட்காதே. ஆமாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். சாப்பாட்டு மேசையில் கிளாரா உன்னைப் பார்த்து அம்மா என்று கூப்பிட்டதாகவும், அதற்கு என்ன அர்த்தம் என்று ஓர்லா கேட்டதாகவும், நீ அர்த்தம் சொன்னதும் அவள் எழுந்து போய்க் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினதாகவும் சொல்லிச் சிரித்தாய். பாவம்மா, அவங்களுக்குப் பொறாம என்றாய். கரண்ட் போய்விட்டது என்று சொல்லி நான் போனை வைத்தேன். கரண்ட் போகவில்லை. நீ சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

குவைத்தில் நான் பார்த்துக்கொண்ட பையன் பெயர் பதர். ஒரு நாள் வாசல் படியில் தடுக்கி விழுந்தான், உதடு கிழிந்து ரத்தம். அவன் அம்மா பக்கத்திலேயே நின்று கையை நீட்டினாள், அவன் அவளைத் தாண்டி ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டான். அவள் முகத்தைப் பார்த்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை லிடியா, எனக்கு அப்போது ஆனந்தமாக இருந்தது. உன்னைத் தூக்க முடியாத கையில் அவனைத் தூக்கி அவள் எதிரிலேயே முத்தம் கொடுத்தேன். அடுத்த வாரம் என்னைச் சமையலுக்கு மாற்றிவிட்டு வேறொரு பெண்ணை அவனுக்கு வைத்துவிட்டாள். மகா பாவி என்று அவளைச் சபித்தேன். ஆனால் நான் அவளைவிடப் பெரிய வேலையை என் சொந்த வீட்டில் செய்தேன், அதைத்தான் எழுத வந்தேன்.

நான் ஊர் திரும்பும்போது உனக்கு ஒன்பது வயது. அந்த ஐந்து வருஷமும் உன்னை வளர்த்தது உன் செல்லம்மாள் அத்தை, அப்பாவின் அக்கா. புருஷனும் இல்லை பிள்ளையும் இல்லை, நம் வீட்டிலேயே இருந்தாள். நான் வந்த மறுநாள் காலை உனக்குத் தலை வார உட்கார்ந்தேன், நீ என் கையிலிருந்து சீப்பை மரியாதையாக வாங்கிக்கொண்டு போய் அத்தையிடம் கொடுத்துவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தாய். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை, விருந்தாளியிடம் நடந்துகொள்வதுபோல நடந்துகொண்டாய். காய்ச்சல் வந்தால் அத்தை, பரீட்சைத் தாளில் கையெழுத்து என்றால் அத்தை, கெட்ட கனவு கண்டால் அத்தை. ஆறு மாதம் பொறுத்தேன். பிறகு ஒரு நாள் உன் அப்பாவிடம், ‘உங்கம்மா திரும்பி வரவே மாட்டா’ என்று உங்கள் அக்கா பிள்ளையிடம் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறாள், அதனால்தான் பிள்ளை என்னிடம் ஒட்ட மாட்டேன் என்கிறது என்று சொன்னேன். அது நானாகக் கட்டின பொய். நீ என்னிடம் அப்படி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அப்பா யாரையும் எதையும் விசாரிக்கவில்லை, அந்த வாரமே அத்தையின் துணிமணியை மூட்டை கட்டி பஸ் ஏற்றிவிட்டார். கலசப்பாக்கத்தில் சத்துணவில் சமையல் வேலை கிடைத்தது, அதனால் அத்தை போய்விட்டாள் என்று உன்னிடம் சொன்னோம். நீ மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் என் கையால் சாப்பிட்டாய், நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்த சிரிப்பில் இதெல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. திங்கட்கிழமை முழுக்கக் குஞ்சம் கட்ட உட்கார்ந்தால் நூல் விரலில் நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, போளூர் வரைக்கும் போய்வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, போளூரில் பஸ் மாறிக் கலசப்பாக்கம் போனேன். பதினான்கு வருஷத்தில் கல்யாணம் சாவு வீடுகளில் தூரத்தில் நின்று பார்த்ததைத் தவிர செல்லம்மாள் அண்ணியிடம் நான் முகம் கொடுத்துப் பேசியதில்லை. கோயிலுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு, குழாயடியில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். முடியெல்லாம் நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, இன்னா அமலி, என் தம்பிக்கு ஒண்ணும் இல்லியே என்றுதான் முதலில் கேட்டாள். ஒன்றுமில்லை, சும்மா வந்தேன் என்றேன். வெயிலில் வந்துகினு சும்மா வந்தேன்றியே, உள்ள வா என்று கூட்டிப்போய் மோர் கொடுத்தாள்.

மோரைக் குடித்துக்கொண்டே பார்க்கிறேன், அலமாரியில் ஒரு டச் போன் சார்ஜில் இருக்கிறது. வெளிச்சம் வந்தபோது அதில் உன் படம். நீல கவுன் போட்டுக்கொண்டு ஏதோ தோட்டத்தில் கிளாராவைத் தோளில் ஏற்றி வைத்துக்கொண்டு நிற்கிறாய், முடியைக் கழுத்தளவு வெட்டியிருக்கிறாய். முடி வெட்டினதையே எனக்கு நீ சொல்லவில்லை, போனில் எப்போதும் தொப்பி போட்டுக்கொண்டு வருவதற்குக் காரணம் குளிர் என்றுதானே சொன்னாய். யார் கொடுத்த போன் என்று கேட்டேன். அண்ணி தலை நிமிரவில்லை. வேலூரில் ஹாஸ்டலில் சேர்ந்த நாளிலிருந்து புதன்கிழமை தவறாமல் நீ பேசுகிறாயாம், இந்த போன் நீ கார்க்கில் வாங்கின முதல் சம்பளத்தில் வந்ததாம். உனக்குத் தெரிஞ்சா நீ வருத்தப்படுவேன்னு புள்ளதான் சொல்ல வேணாம்னுச்சு, அவள வையாத, என்ன வையி என்றாள். ஆறு வருஷப் புதன்கிழமை. எழுந்து போய்விடலாம் என்று செருப்பைத் தேடினேன் லிடியா, ஒரு செருப்பைப் போட்டும்விட்டேன். அப்படியே நின்றுகொண்டு, அண்ணி, நீங்க சொல்லாத வார்த்தைய சொன்னீங்கன்னு உங்க தம்பிகிட்ட நான்தான் பொய் சொன்னேன், அதனாலதான் அவர் உங்கள அனுப்பினார் என்று சொல்லிவிட்டேன்.

அவள், என்ன வார்த்தை என்று கேட்டாள், சொன்னேன். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அது பொய் இல்ல அமலி. ஒரே ஒரு தடவ சொன்னேன். நீ போய் ரெண்டாவது வருசம், அம்மா வேணும் அம்மா வேணும்னு அழுதுகினே இருந்தா. என்னால தாங்க முடியல. உங்கம்மா வர மாட்டா, நான்தான் உனக்கு அம்மா, சாப்புடுன்னு சொல்லிட்டேன். குழந்ததான் உன்கிட்ட சொல்லிடுச்சுன்னு நெனச்சுகினு இருந்தேன். அதனாலதான் தம்பி போன்னு சொன்னப்ப வாயத் தொறக்கல.”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒற்றைச் செருப்போடு. அவள் இன்னொன்றும் சொன்னாள், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் குவைத்திலிருந்து போன் பண்ணும்போது உன்னிடம் போனைக் கொடுக்க அவளுக்கு மனசே வராதாம், இரண்டு தடவை நீ தூங்குகிறாய் என்று சொல்லி வைத்துவிட்டாளாம், நான் வரும் தேதி சொன்ன அன்றைக்கு அடுப்படியில் போய் அழுதாளாம். அந்த இரண்டு வெள்ளிக்கிழமையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் தனியாகத்தான் எரிந்தேன் என்று நினைத்திருந்தேன். நீ என்னவோ ஒன்றும் அறியாமல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சோறு சாப்பிட்டு வளர்ந்திருக்கிறாய். மன்னிப்பு என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், பாதியை என் பக்கம் தள்ளினாள், ஆய்ந்து கொடுத்தேன், சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள், சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொன்னேன். தறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டையை மாட்டிக்கொண்டு அந்த நொண்டிக் காலோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனவர் மறுநாள்தான் வந்தார். வீட்டுக்கே வந்துவிடு என்று அவர் கூப்பிட்டிருக்கிறார், பதினாலு வருசமா என் சாவி என்கிட்ட இருக்குது, இனிமே உங்க வீட்டுக்கு நான் வந்து இன்னா பண்ணப் போறேன், நல்ல நாளுக்கு வரேன் என்று சொல்லிவிட்டாளாம். என்னோடு அப்பா இன்னும் சரியாகப் பேசவில்லை, சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார், உப்பு குறைந்தால் அவரே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். அது என் பங்கு, நான் அனுபவித்துக்கொள்கிறேன், நீ நடுவில் வராதே. இந்தப் புதன்கிழமை பேசியபோது அத்தை உன்னிடம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள், உன் வாயால் நீயே சொல் என்று என்னிடம் விட்டுவிட்டாள், அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். படித்துவிட்டு எங்கள் இரண்டு பேரில் யார் மேல் உனக்குக் கோபம் வந்தாலும் வரட்டும். என் மேல் மட்டும் வந்தாலும் சரி.

ஓர்லா விஷயத்தில் நான் சொல்வதைக் கேள். சாயங்காலம் அவள் வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது நீ கிளாராவை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்காதே. கதவுச் சத்தம் கேட்டதும் இறக்கிவிடு, இறக்கிவிட்டு ஏதாவது வேலை இருப்பதுபோல உள்ளே போய்விடு. முதலில் உன் பின்னாலேயே ஓடிவரும், அழும், அழட்டும், அவள் தூக்கிச் சமாதானம் பண்ணட்டும். குளிப்பாட்டுகிற வேலையில் பாதியை அவளுக்கு விட்டுவை. அவள் ஊட்டினால் குழந்தை துப்பும், நீ சிரிக்காதே. பகலில் கிளாரா செய்த குறும்பையெல்லாம் அவளிடம் நீ சொல்லாதே, குழந்தையே சொல்லட்டும். உன்னை லிடியா என்று கூப்பிடப் பழக்கு. செப்டம்பரில் நீ காலேஜுக்குப் போய்விடுவாய், அந்தக் குழந்தை அன்றைக்கு யார் மடியில் உட்கார்ந்து அழும் என்று இப்போதே யோசித்துப் பார். உனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், குழந்தை வாசம் அப்படிப்பட்டது, எனக்குத் தெரியாததா.

இதையெல்லாம் எழுதிவிட்டதால் என் பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே. கிளாரா உன் மடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எரிகிறது. ஓர்லா உனக்கு இருமல் மருந்து கொடுத்தாள் என்றால் எரிகிறது. புதன்கிழமை வந்தால் இனிமேல் மணியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆனாலும் புதன்கிழமையை நீ மாற்றக் கூடாது, ஒளித்துப் பேசவும் கூடாது. தலைமுடி வெட்டினதுக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை, தொப்பியைக் கழற்றிவிட்டே பேசு. எண்ணெய் மட்டும் வாரம் ஒரு தடவை வை. டிசம்பரில் நீ வரும்போது மீனம்பாக்கத்துக்கு நாங்கள் மூன்று பேருமாக வருவதாக இருக்கிறோம், அத்தைக்கும் சேர்த்து வண்டி சொல்லும்படி அப்பாவிடம் நான்தான் சொன்னேன். நீ கண்ணாடிக் கதவைத் தாண்டி வரும்போது யாரை முதலில் கட்டிக்கொள்வாய் என்று இப்போதிருந்தே நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அத்தையைக் கட்டிக்கொண்டால் கட்டிக்கொள், நான் உன் பெட்டியைப் பிடித்துக்கொள்கிறேன்.

வற்றலை ஈரம் படாமல் வை. ஜெபத்தை விடாதே. போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன்னைக் காப்பாராக.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
பவுல்துரை அமலி