கண் ரெண்டும் போக மீதி

திண்டிவனம்
23-1-1941, வியாழன்

அன்புள்ள காந்திமதிக்கு அம்மா எழுதுவது.

ஒரு விளையாட்டு வாத்தியார் நல்லவரா இல்லையா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. பி.ஏ. படித்து இத்தனை வருஷம் பெண் பள்ளிக்கூடத்தைக் கட்டி மேய்த்தும் தெரியவில்லை, தெரியும் என்று சொல்கிறவர்களையும் நான் நம்புவதில்லை. மற்றபடி நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், டாட்டா நகரில் நீயும் மாப்பிள்ளையும் சீனுவும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருந்தால் எனக்குப் போதும். அப்பா ஓய்வுபெற்ற கையோடு கிளப்பில் பூப்பந்து ஆட ஆரம்பித்திருக்கிறார். பந்து ஒரு பக்கம், வேட்டி ஒரு பக்கம், இவர் நடுவில். நேற்றுத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு தைலமும் கையுமாக உட்கார்ந்திருந்தார், இன்று மறுபடி போய்விட்டார். நீ அனுப்பிய கம்பளிச் சால்வையைப் பூனைதான் முதலில் போட்டுக்கொண்டது.

சீனுவுக்கு ஆக்கி சொல்லிக்கொடுக்கிறவர், பெற்றவர்கள் மைதானத்துப் பக்கமே வரக்கூடாது என்கிறார், நீயும் அவரிடம் கண் ரெண்டையும் விட்டுவிட்டுத் தோலை உரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். உன் உடைந்த இந்தியில் அதை எப்படிச் சொன்னாய் என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். எங்கள் டிரில் டீச்சர் பிள்ளைப்பேற்றுக்குப் போனதால் தாண்டவராயன் என்று ஒருவரைத் தற்காலிகமாக வைத்திருக்கிறார்கள். அவர் மீசைக்கே தனியாக ஒரு டிரில் வகுப்பு நடத்துவார் போல, அப்படி நிற்கும். வந்த புதிதில் எனக்கும் திருப்திதான், பெண்கள் வரிசையாக நின்றார்கள், நேரத்துக்கு வந்தார்கள். விழுப்புரத்தில் சனிக்கிழமை நடக்கப்போகும் பந்தயத்துக்குச் சின்னபொண்ணு என்ற பெண்ணை ஓடப் பழக்கினார். பதின்மூன்று வயசு, ஒலக்கூர்ப் பக்கம் மல்லாட்டைக் கடலை பயிர் செய்யும் வேங்கடேசன் மகள், காற்று மாதிரி ஓடுவாள், ஓடும்போதே சிரிப்பாள். விஜயதசமியன்று வேங்கடேசன் தட்டில் வெற்றிலை பாக்குடன் வந்து, மகளை முன்னால் நிறுத்தி, நீ சொன்ன அதே வார்த்தையைத் தாண்டவராயனிடம் சொன்னார். எல்லாரும் சொல்வதுதானே என்று நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்குப் பிறகு கவனித்தேன், அந்தப் பெண் சிரிப்பதில்லை. அவளோடு ஒட்டிக்கொண்டே திரியும் சவுரியம்மாள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். என்ன சண்டை என்று கேட்டால், அவ ரேஸ் குதிரை டீச்சரம்மா, எங்ககூட உக்காந்து கேப்பைக்கூழு குடிச்சா ஓட்டம் கெட்டுடுமாம், வாத்தியாரு சொல்லிகிறாரு என்றாள். கூழ் குடித்து ஓட்டம் கெட்டவரை இந்த ஜில்லாவில் நான் பார்த்ததில்லை. இன்று மத்தியானம் சின்னபொண்ணை என் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைத் திறந்தே வைத்து விசாரித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மற்றவர்கள் வருவதற்கு முன்னால் ஏரிக்கரைக்குத் தனியாக வரச்சொல்கிறார். நேரம் பிந்தினால் விசில் கயிற்றால் முழங்காலுக்குப் பின்னால் அடி, அன்று சாயங்காலமே கற்கண்டு, ஒரு நாள் கான்வாஸ் ஜோடு. இது நமக்குள் இருக்கட்டும் என்பாராம். சவுரியம்மாளுக்குப் பொறாமை, பெரிய டீச்சருக்கு, அதாவது எனக்கு, நீ ஜெயிப்பது பிடிக்காது, உனக்கு நான் ஒருத்தன்தான் என்பாராம். நாளை சாயங்காலம் இவளை மட்டும் ஒரு நாள் முன்னதாக விழுப்புரம் அழைத்துப்போய்த் தனக்குத் தெரிந்த வீட்டில் தங்கவைக்கப் போகிறாராம், வீட்டில் சொல்லக்கூடாதாம். நீ ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நைனாதான் குடுத்துட்டாரே டீச்சரம்மா, கண்ணு ரெண்டுதான் எங்களுது, மீதியெல்லாம் வாத்தியாருது என்றாள். அழவில்லை, கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். அதற்கு மேல் நான் தோண்டவில்லை. நீ ஒரு தப்பும் பண்ணவில்லை, நாளைக்கு நீ அவரோடு போகப்போவதில்லை என்று மட்டும் சொல்லிக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். கட்டிப்பிடித்துத் தேற்றும் வித்தை எனக்கு வராது, உனக்கே தெரியும்.

உடனே தாண்டவராயனைக் கூப்பிட்டு, சனிக்கிழமை காலையில் எல்லாப் பெண்களும் சேர்ந்து போவார்கள், நானும் வருகிறேன், பெற்றவர்களும் வரலாம் என்றேன். சிரித்தார், அந்தச் சிரிப்பு மீசையைத் தாண்டவில்லை. பெத்தவங்க வந்தா பொண்ணு பயந்துடும்ங்க, அப்புறம் தோத்தா என்னைக் கேக்காதீங்க என்றார். பள்ளிக்கூடச் செயலாளர் கிருஷ்ணசாமியிடம் போனேன். யாரும்மா பாத்தது, ஜெயிச்சுக்கினு வர்ற நேரத்துல எதுக்கு இந்தப் பேஜாரு, வேணும்னா ஒரு நற்சான்று எழுதிக் குடுத்து ஜல்தியா அனுப்பிடலாம் என்றார். எழுதமாட்டேன் என்றேன், அதை வைத்துக்கொண்டு அவர் அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போய் நிற்பார், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரம்மாவுக்குத்தான் எழுதுவேன். சாட்சி எங்கே என்று கேட்கிற ஜாதிதான் நானும். ஆனால் ஒரு குழந்தையைத் தனியாக அனுப்பாமல் இருப்பதற்குச் சாட்சி எதற்கு? சின்னபொண்ணு சொன்னதைச் சொல்லி வேங்கடேசனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். அவர் என்னை நம்புவாரா, ஜெயிக்கிற பெண்ணைத் தலைமை டீச்சர் தடுக்கிறாள் என்று தாண்டவராயனையே நம்பி அனுப்பிவிடுவாரா தெரியவில்லை.

ஆகையால் உன் கேள்விக்கு விடை இல்லை, நான் செய்வதை மட்டும் எழுதுகிறேன். சொல்லாமல் கொள்ளாமல் மைதானத்துக்குப் போய் உட்கார். நல்லவராக இருந்தால் உனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்வார், இல்லையானால் முகம் மாறும். அதுவும் நிச்சயமில்லை, நல்லவர்களிலும் சிடுமூஞ்சிகள் உண்டு, ஆனாலும் நீ எழுந்து வராதே. சீனுவிடம் யார் எதை ரகசியம் என்று சொன்னாலும் அம்மாவிடம் சொல்லலாம், அடிக்கமாட்டேன் என்று சொல், சொல்லிவிட்டு அடிக்காமலும் இரு. அவன் தோற்றுவிட்டு வந்தாலும் அதே சாதம், அதே குழம்பு. முக்கியமாக அந்தக் கண் சமாசாரத்தைப் போய்த் திரும்ப வாங்கிக்கொள், சீனு காதில் விழும்படி வாங்கிக்கொள்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள், சீனு நீண்ட ஆயுளோடு நிறைய விழுந்து எழுந்து விளையாடட்டும். ஊறுகாய் ஜாடியைக் காலி செய்து திருப்பி அனுப்ப மறக்காதே.

உன் அம்மா.

வெள்ளி சாயங்காலம். கடிதம் தபாலில் சேரவில்லை, அதனால் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். வேங்கடேசன் காலையிலேயே மனைவி அஞ்சம்மாளோடு வந்தார், கையில் தட்டு, அதில் வெற்றிலை பாக்கு. எனக்குப் புரியவில்லை. நேரே மைதானத்துக்குப் போய் எல்லாப் பெண்களுக்கும் எதிரில் தாண்டவராயனிடம் தட்டை நீட்டி, விஜயதசமிக்கு ஒரு வார்த்தை குடுத்தேன் வாத்தியாரே, அத்தத் திருப்பி எடுத்துக்க வந்தேன், எம் பொண்ணு முழுசா எனக்கு வேணும் என்றார். தாண்டவராயன் சிரித்து, வாய் வார்த்தைக்குப் போயி இவ்ளோ ஆர்ப்பாட்டமா என்றார். வாய் வார்த்தைதானே, திருப்பிக் குடுக்க இன்னா கஷ்டம் என்றாள் அஞ்சம்மாள். அவர் தட்டைத் தொடவில்லை, காய்ச்சல் என்று சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸில் விழுப்புரம் போய்விட்டார். இன்ஸ்பெக்டரம்மாவுக்குக் கடிதம் போய்விட்டது, கிருஷ்ணசாமி என்னோடு பேசவில்லை. நாளைய பந்தயத்துக்குப் போகலாமா என்று சின்னபொண்ணைக் கேட்டேன், வேண்டாம் என்றாள், சரி என்றேன். ஆனால் பள்ளிக்கூடம் விட்டதும் அவளே வெறுங்காலோடு மைதானத்தில் ஓடினாள், அவள் அப்பாவும் அம்மாவும் ஓரத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டு பார்த்தார்கள். ஏய் ரேஸ் குதிரை, கூழு வேணுமா என்று சவுரியம்மாள் கத்தினாள். பாதி ஓட்டத்தில் சிரிப்பு வந்து சின்னபொண்ணு நின்றுவிட்டாள். ஒருவரும் விசில் ஊதவில்லை.