கன்னிமூலைக் குழியில் நான் விட்ட தண்ணீர்

இன்று காலை கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். துவைக்கிற மேடையின் ஓரம் மறுபடியும் பெயர்ந்து, ஒரு ஜல்லிக்கல் கையோடு வந்துவிட்டது. இருபது வருடமாக அந்த மேடை இப்படித்தான் மணலாக உதிர்கிறது. "இது என்ன மேடை, கையை வச்சா கொட்டுது" என்று உங்களை எத்தனை முறை ஏசியிருப்பேன்! நீங்கள் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவீர்கள். அந்தச் சிரிப்பின் காரணம் போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தச்சநல்லூரில் இந்த மனையில் அஸ்திவாரக் காங்கிரீட் போட்ட நாள் உங்களுக்கு மறந்திருக்காது. முதலில் கன்னிமூலைக் குழி. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, கலவை மெஷினை ஓட்டச் சொன்னீர்கள். மூட்டைக்கு ஒன்றரை வாளித் தண்ணீர், அதற்குமேல் ஒரு செம்புகூடக் கூடாது என்று மெஷின்காரரிடம் கறாராகச் சொன்னீர்கள். என்னிடமும், "ஏட்டி, கலவைன்னா களி மாதிரி நிக்கணும். கஞ்சி மாதிரி ஓடப்புடாது, ஓடுனா பெறவு மணலா உதிரும்" என்றீர்கள். பிறகு எல்லோருக்கும் வடையும் டீயும் வாங்கக் கிளம்பிவிட்டீர்கள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. கலவைச் சட்டி சுமந்த பேச்சியம்மா என் பக்கம் வந்து, "யக்கா, கலவை கட்டியா கெடக்கு. சட்டியைக் கவுத்தா விழ மாட்டேங்கு. கை கழண்டுரும் போல இருக்கு. கொஞ்சம் தண்ணி விடுங்களேன்" என்றாள். மெஷின்காரர் அந்தப் பக்கம் திரும்பி மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார். கொத்தனார் குழிக்குள் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். ஓஸ் குழாயை எடுத்து மெஷினுக்குள் பிடித்தேன். பாவம் பார்த்துத்தான் செய்தேன். ஒரு தடவை அல்ல, அந்தக் குழி நிரம்பும் வரைக்கும் சந்து கிடைத்தபோதெல்லாம் பிடித்தேன்.

"ஏலே, மோரா கரைக்க?" என்று கொத்தனார் குழிக்குள்ளிருந்து கத்தினார். மெஷின்காரர் திருதிருவென்று முழித்தார். நான் ஓஸைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். நீங்கள் வந்தீர்கள், குழியைப் பார்த்தீர்கள். நனைந்திருந்த என் சேலைக் கரையையும் ஒரு கணம் பார்த்தீர்கள். பிறகு, "ஸ்ரீவைகுண்டத்துல அம்மாவைப் பாக்கணும்னு சொன்னேல்லா? இப்பவே பஸ் ஏறு. ரெண்டு நாள் இருந்துட்டு வா, பைய வரலாம்" என்றீர்கள். தப்பித்தோம் என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது எல்லாக் குழியும் ஈரச் சாக்குக்கு அடியில் இருந்தது.

பயம் அன்றைக்குப் பிடித்ததுதான். சுவரில் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல் விழுந்தாலும் தினமும் விரல் வைத்து அளந்து பார்ப்பேன். பிள்ளையின் கட்டிலை அந்த மூலைப் பக்கம் போடவே விட்டதில்லை. காற்று வராது என்று சாக்குச் சொன்னேன். சொன்னால் வீட்டையே இடித்துவிடுவீர்களோ என்று நினைத்து நினைத்தே வருடங்கள் ஓடின. அந்த மார்கழியில் ஆற்று வெள்ளம் தெருவுக்குள் வந்து, கூடத்தில் முழங்கால் அளவு நின்றதே. நீங்கள் அரிசி டின்னைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினீர்கள். நான் அந்த மூலையையே பார்த்து நின்றேன். "ஒண்ணுமில்லட்டி. எதுக்கு இப்படி நடுங்குத?" என்றீர்கள். வெள்ளத்துக்காக நடுங்குகிறேன் என்றுதானே நீங்கள் நினைத்திருப்பீர்கள்?

அடுத்த ஆடியில் நெஞ்சுவலி வந்து நீங்கள் போய்விட்டீர்கள்.

இப்போது பிள்ளைக்குக் கல்யாணமாகி, மேலே மாடி எடுக்கப் போகிறான். போன வாரம் ரெடிமிக்ஸ் காங்கிரீட் லாரிக்குச் சொல்லப் போனை எடுத்தான். இத்தனை பாரத்தையும் அந்த மூலையில் ஏற்றி, அதற்கு மேல் என் பிள்ளையும் மருமகளும் படுத்துத் தூங்குவதா? போனைப் பிடுங்கிவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் நேரே போய்ப் பழைய கொத்தனாரை வண்டியில் கூட்டி வந்தான்.

அவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "மைனி, ஓஸைப் பிடிச்சது யாருன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்? நீங்க பஸ் ஏறுன கையோட அந்தக் கலவையைப் பூரா அள்ளியாச்சு. அண்ணாச்சிதான் மொத ஆளா மம்பட்டியோட எறங்குனாங்க. கம்பியைக் கழுவி, புதுசாக் கலந்து போட்டோம். அள்ளுனதுல கொஞ்சத்தைக் கொல்லையில கொட்டித் தேச்சோம். அதுலதான நீங்க துணி துவைக்கிய! 'அவகிட்ட சொல்லிராதீரும் வே, வருத்தப்படுவா'ன்னாங்க."

பிள்ளை நம்பவில்லை. கன்னிமூலையில் தூணோரம் தோண்டச் சொன்னான். கடப்பாறை பட்டதும் கணீரென்று சத்தம் கேட்டது. ஒரு பொடிகூட உதிரவில்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. நான் வருத்தப்படுவேன் என்று மறைத்தீர்கள். இருபது வருடம் நான் பயந்து செத்தது உங்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

கோபம் அடங்கியபோது அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ஆடியில் பத்து நாளாக இடது தோளைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். கேட்டபோதெல்லாம், "ஒண்ணுமில்லட்டி, வாயுப் பிடிப்பு" என்றீர்கள். அதுவும் நான் வருத்தப்படுவேன் என்றுதானே? நான் பாவி, நம்பினேன். அந்த 'ஒண்ணுமில்ல' இனி என்னை விட்டுப் போகாது.

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது பிள்ளை தோளைத் தடவினான். என்னவென்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா. செங்கல் தூக்குனது."

சோற்றுக் கையை அலம்பச் சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.