பெயின்ட் அடித்த செம்புத் தகடு

அன்பு மகளுக்கு,

மை கலக்கும் அறை வாசலில் இருந்த செம்புத் தகட்டுக்கு உன் தம்பி பெயின்ட் அடித்துவிட்டான். நடந்த குற்றம் இதுதான், அதனால் முதலில் எழுதினேன். மற்றபடி நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. மழை நின்று ஒரு மாதமாகிறது, காற்றில் ஈரமே இல்லை, தலை சீவினால் முடி சீப்போடு எழுந்து நிற்கிறது. என் கவலை அங்கேதான் ஆரம்பம். போனில் சொன்னால் பாதியிலேயே சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நம் அச்சகத்தில் பிளாஸ்டிக் பைகளுக்கு அடிக்கிற மையைத் தின்னரில் கரைப்பது உனக்குத் தெரியும், அதன் ஆவி ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். அந்த அறைக்குள் போகிறவர்கள் வாசல் தகட்டில் வெறும் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது முப்பது வருஷத்துக்கு முன் நான் போட்ட சட்டம். தகட்டிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகிறது. போன மாதம் பெரிய கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள் என்று சுவர், கதவு எல்லாவற்றுக்கும் பச்சை அடித்தார்கள், தகட்டையும் விடவில்லை. பளபளவென்றுதான் இருக்கிறது, ஆனால் மின்சாரத்துக்கு அது அடைத்த கதவு. கொடுமை என்னவென்றால், எல்லோரும் பழக்கதோஷத்தில் இன்னமும் அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். தொடாமல் போனாலாவது மனதில் ஒரு பயம் இருக்கும்.

உன் தம்பி காலேஜில் படித்தவன், நான் பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்தவன். உடம்பில் பாசிட்டிவ் சார்ஜ் என்றால் ஏதோ வந்து ஏறிக்கொள்கிறது என்று அவன் நினைக்கிறான். ஒன்றும் ஏறுவதில்லை. அணுவின் நடுவில் இருக்கிற புரோட்டான் இடத்தை விட்டு அசையாது, வெளியே சுற்றுகிற எலக்ட்ரான்தான் ஓடுகாலி. இரண்டும் சரிக்குச் சரி இருக்கும்வரை அணு யார் வம்புக்கும் போகாது. இரண்டு பொருள்கள் ஒட்டிப் பிரியும்போது ஒன்று மற்றதிடம் எலக்ட்ரானைப் பறிகொடுக்கிறது. பறிகொடுத்ததுதான் பாசிட்டிவ், போனதை எங்கிருந்தாவது பிடுங்கப் பார்க்கும். மண்ணோடு சேர்ந்த செம்பைத் தொட்டால் மண் சத்தமில்லாமல் கொடுத்துவிடும். இல்லையென்றால் கைக்கு எட்டுகிற இரும்பிலிருந்து தாவி வரும், தாவுகிற இடத்தில் பொறி.

செவ்வாய்க்கிழமை மதியம் மருமகள், தம்பி புதிதாக வாங்கிக் கொடுத்த நைலான் கோட்டோடு பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தாள். கோட்டு எலக்ட்ரானை நாற்காலியிடம் விட்டுவிட்டது. காலில் ரப்பர் செருப்பு, தரைவழியும் அடைப்பு. பச்சைத் தகட்டைத் தொட்டாள், உள்ளே போய் தின்னர் டிரம் மூடியில் கை வைத்தாள், டிக் என்று ஒரு நீலப் பொறி. மூடி இறுக்கமாக இருந்ததால் பிழைத்தாள். டிரம் என்னைக் கிள்ளுது பாருங்க மாமா என்று சிரித்தாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

உன் தம்பியிடம் சொன்னேன். இத்தனை வருஷத்துல ஒண்ணுமே ஆகலையேப்பா, நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க என்றான். ஒண்ணும் ஆகாம பாத்துக்கிட்டதுமேலதான்டா பெயின்ட் அடிச்சிருக்க என்றேன். பெரியவருக்கு ஒரு எலக்ட்ரான் கழண்டுடுச்சு என்று மெஷின்காரன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானே சுரண்டப் போனேன். பெற்ற மகன் என் கையிலிருந்த உப்புத்தாளைப் பிடுங்கிக்கொண்டு என்னை வெளியே அனுப்பினான். அடுத்த மாதம் முதல் தேதி பன்னிரண்டு டிரம் தின்னர் வருகிறது. அன்றிலிருந்து ஏதாவது ஒரு மூடி எப்போதும் திறந்தே இருக்கும்.

நீ நீண்ட நாள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், பேத்திக்கு என் முத்தம். முதல் தேதியை மறந்துவிடாதே. இனி ஆக வேண்டியவை இவை. நீ, கடிதம் கிடைத்த அன்றே தம்பிக்குப் போன் போட வேண்டும், அக்கா பேச்சை அவன் தட்டமாட்டான். அவன், தன் கையாலேயே செம்பு தெரியும்வரை அந்தத் தகட்டைச் சுரண்ட வேண்டும், கம்பி மண்வரை போகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். மெஷின்காரன், டிரம்மையும் வாளியையும் கம்பியால் இணைக்காமல் ஒரு சொட்டு ஊற்றக்கூடாது. மருமகள், நைலான் கோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பருத்தியில் வர வேண்டும். நான், இதெல்லாம் நடக்கும்வரை அந்த வாசலில் தண்ணீர் தெளித்த தரையில் வெறுங்காலோடு நிற்பேன், உள்ளே போகிறவர்கள் ஒவ்வொருவரும் என் கையைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும்.

இப்படிக்கு,
பிடிவாதம் விடாத உன் அப்பா