கடைசிச் செபத்தில் வரும் பெயர்

ஜெசிந்தா,

நீ அசந்து தூங்கினாய், எழுப்பவில்லை. பெக்டரிக்குப் போய் என் இரவு வேலை உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன். வேலையை விட்டது விட்டதுதான். அதற்கு இன்னொரு சண்டை வேண்டாம்.

சமைக்காதே. கீழ் ஊர்ச் சிங்கள வீட்டுச் சோமாவதி அக்கா சோறும் கருவாடும் பூசணிக்காய்க் கறியும் கொண்டுவருவார். வேண்டாம் என்று சொல்லிவிடாதே, சாவு வீட்டுக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கம். சாவு வீடுகளுக்கு உதவும் மரணாதாரச் சங்கத்தார், உட்காரத் தந்த கதிரைகளைக் கேட்டு வந்தால், ஏழாம் நாள் பூசை முடியட்டும் என்று சொல்.

பொழுது சாய செபமாலைக்கு ஆட்கள் வருவார்கள். இஞ்சி போட்டுத் தேத்தண்ணி வை.

நேற்று செபமாலைக்கு வந்தவர்கள் முன்னால், "அப்பாவுக்கு ஒரு செபம் சொல்ல வாய் நோகுதாண்ணே?" என்று கேட்டாய். நோகவில்லை. கடைசிச் செபத்தை மூத்த மகன் சொல்ல வேண்டும், அதில் செத்தவர் பெயர் வரும். அந்த இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. எழுந்து வெளியே போனேன். அவ்வளவுதான்.

இன்றைக்கும் நான்தான் சொல்வேன். நீ பக்கத்தில் உட்கார். "ஆண்டவரே" வரைக்கும் சொல்லிவிடுவேன். பெயரில் நின்றுவிட்டால் நீ எடுத்துச் சொல்.

அண்ணன்

சாவி மாதா சுரூபத்துக்குப் பின்னால் இருக்கிறது.

எழுத மட்டும் வருகிறது: சவரிமுத்து.