அப்பா வாசிக்காத கேள்வி

பிப்ரவரி 4

பள்ளியில் பெற்றோர் கூட்டம். சலூனைப் பூட்டிவிட்டு நானும் வீட்டுக்காரியும் போனோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் ஏப்ரலில் ஒரே பரீட்சையாம். எல்லாப் பள்ளிக்கும் ஒரே தாள். ஒரு கேள்விக்கு நான்கு விடை, சரியானதன் வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். திருத்துவது மெஷின்.

“இது பாஸ், ஃபெயில் போடுற பரீட்சை இல்ல. பிள்ளைங்களுக்கு எது வருது, எது வரலைன்னு நாங்க தெரிஞ்சுக்கிறதுக்கு” என்றார் டீச்சர்.

நான் கையைத் தூக்கினேன். “மெஷின் திருத்துதுன்னா டீச்சர், யாரைப் போய்க் காக்கா பிடிக்கிறது?”

கூட்டமே சிரித்தது. வீட்டுக்காரி தொடையில் கிள்ளினாள். இன்னும் வலிக்கிறது. அந்தச் சிரிப்புக்குள் டீச்சர் அடுத்துச் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. பரவாயில்லை, பட்டாணிக்குத் தெரிந்திருக்கும். என் மகள் அல்லவா.

பிப்ரவரி 7

பேங்க் கேஷியர் சார் முடி வெட்ட வந்தார். அவர் பையனுக்கும் இதே பரீட்சை. இரண்டு இடத்தில் ட்யூஷன்.

“டீச்சருங்க அப்படித்தான் சொல்வாங்க. மார்க் குறைஞ்சா கடைசி செக்‌ஷன்ல தள்ளிடுவாங்க. அப்புறம் பிள்ளை எழுந்திரிக்கவே முடியாது.”

“சார், காதுகிட்ட கத்தி இருக்கு. இப்ப போய் என்னைக் கலங்கடிக்கிறீங்களே” என்று சிரித்தேன்.

சிரிப்பு வாயோடு சரி. நான் படித்ததும் மூன்றாம் வகுப்புதான். அதோடு மாமா கடையில் முடி கூட்டப் போய்விட்டேன். பட்டாணி இப்போது அதே வகுப்பு. அதே இடத்தில் இவளும் நின்றுவிட்டால்?

பிப்ரவரி 10

மாதிரித் தாள் வாங்கிவந்தேன். சலூன் நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே சின்னப் பிள்ளைகளுக்குப் போடும் பலகையைப் போட்டு பட்டாணியை உட்கார வைத்தேன். நான் எழுத்தில் விரல் வைத்துக் கேள்வியை வாசிப்பேன், அவள் விடை சொல்வாள். தாளில் ஒரு கதை; அதில் ஆமை பேசுகிற இடத்தை கேஷியர் சார் குரலில் வாசித்தேன். பலகையிலிருந்து விழப் பார்த்தாள், அப்படிச் சிரிப்பு. ஆனால் விடை எல்லாம் சரி! காத்திருந்தவர்கள் கை தட்டினார்கள்.

எனக்கும் வாசிப்பு கொஞ்சம் ஓடுகிறது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

பிப்ரவரி 19

இன்றைக்கும் எல்லாம் சரி. லாரி ஓட்டுகிற அண்ணன் சொன்னார்: “உன் பொண்ணுக்கு மூளை அவங்க அம்மாகிட்டயிருந்துதான் வந்திருக்கணும்.” சவரக்கட்டணத்தைக் கூட்டிவிட்டேன்.

மார்ச் 6

பள்ளியில் ஒத்திகைப் பரீட்சை வைத்திருக்கிறார்கள். டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.

தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். வெள்ளை. வட்டம் வட்டமாக வெள்ளை. ஒன்றைக்கூட அவள் கறுப்பாக்கவில்லை.

“சும்மாவே உக்காந்திருந்தா. ஏம்மா எழுதலைன்னு கேட்டேன். ‘இன்னும் யாரும் கேள்வி வாசிக்கலையே டீச்சர்’னு சொல்றா. வீட்ல யார் வாசிச்சுக் காட்டுறது?”

“நான்தான் டீச்சர்” என்றேன்.

“கேள்வியைப் பிள்ளையே படிக்கட்டும், நீங்க படிச்சுக் காட்டாதீங்கன்னு கூட்டத்துலயே சொன்னேனே?”

அதைத்தான் நான் சிரிக்க வைத்து அமுக்கிவிட்டேன்.

மார்ச் 6, சாயங்காலம்

வீட்டுக்காரி ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால் உட்கார்ந்துவிட்டாள். “நீங்க வேடிக்கை காட்டினதுக்கு அவ சிரிச்சா. படிக்கிறான்னு நாம நினைச்சுக்கிட்டோம்” என்றாள். திட்டியிருக்கலாம்.

பட்டாணியிடம் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாக மிதித்து மிதித்துப் போகிறாள். வரியின் கடைசிக்கு வரும்போது முதல் சொல் போயே போய்விடுகிறது.

“நீ வாசிச்சா கதையா இருக்குப்பா. நான் வாசிச்சா வெறும் எழுத்தா இருக்கு.”

ஐயோ, இது எனக்குத் தெரியுமே. இதே மூன்றாம் வகுப்பில், இதே போல, எழுத்து எழுத்தாக. அப்போது எனக்கு யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. இவளாவது சொல்லிவிட்டாள். ஆனால் யாரிடம் சொல்கிறாள் – என்னிடம்! நான் என்ன செய்வேன்?

மார்ச் 8

டீச்சரிடம் நானே போனேன். கடைசி செக்‌ஷனில் தள்ளிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன்.

“அப்படி ஒரு செக்‌ஷனே இங்க இல்லையே. யார் சொன்னா?”

“கேஷியர் சார்.”

“லோன் வேணும்னா நான் அவரைக் கேக்குறேன். ஸ்கூல் விஷயத்தை நீங்க என்னைக் கேளுங்க. படிக்கத் தடுமாறுற பிள்ளைங்களுக்கு ஒரு டீச்சர் தனியா வந்து சொல்லிக்கொடுப்பாங்க. தண்டனை இல்ல, உதவி.”

பிறகு வழி சொன்னார். தினமும் கொஞ்ச நேரம் சத்தமில்லாத இடத்தில் அவளே வாசிக்க வேண்டும். புரியாவிட்டால் அந்த வரியைத் திரும்ப வாசிக்கட்டும். அப்படியும் வராத கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகட்டும். நேரத்துக்குத் தூக்கம், வயிற்றுக்குச் சாப்பாடு. பயமுறுத்தாதீர்கள்.

“அப்ப நான் என்ன டீச்சர் பண்ணணும்?”

“பக்கத்துல உக்காருங்க. பேசாதீங்க.”

இதைவிட மொட்டை அடித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம்.

மார்ச் 11

பேசவில்லை. ஆனால் சலூனில் எங்கே பார்த்தாலும் கண்ணாடி. பட்டாணி தாளைப் பார்க்காமல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கிறாள். என் புருவம் ஏறினால் விரலை அடுத்த விடைக்கு மாற்றுகிறாள். இத்தனை நாளும் எல்லாம் சரியானது இப்படித்தானா! நாற்காலியைக் கண்ணாடி இல்லாத ஒரே சுவர்ப்பக்கம் திருப்பினேன்.

லாரி அண்ணன் பின்னாலிருந்து விடையை முணுமுணுத்தார். “அண்ணே, வாயை மூடுங்க” என்று சொல்லிவிட்டேன்.

“இது என்ன சலூனா, ஆபரேஷன் தியேட்டரா?” – பாதித் தாடியோடு எழுந்து போய்விட்டார்.

பட்டாணி தாளைக் கிழித்துப் போட்டாள்.

மார்ச் 14

வயிறு வலிக்கிறது என்று பட்டாணி கடைக்கு வரவில்லை. நேற்றும் வலித்தது.

மார்ச் 15

ராத்திரி பட்டாணி பக்கத்தில் போய்ப் படுத்தேன். கேட்டாள்:

“நீ ஏன்ப்பா இப்பல்லாம் பேசவே மாட்டேங்குற? நான் மக்குன்னு தெரிஞ்சுபோச்சா?”

அடி அசடே. அடே அசடா. யார் அசடு?

“நான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்ல, அதான் டீச்சர் என் வாய்க்கு லீவு விட்டிருக்காங்க” என்றேன். சிரிக்கவில்லை. ஆனால் தலையை என் கைமேல் வைத்துக்கொண்டாள்.

மார்ச் 16

புது ஏற்பாடு. வாசிக்கும் முன்னால் ஒரு வேடிக்கை, முடித்தபின் ஒன்று. நடுவில் நான் ஊமை. இடமும் மாற்றியாயிற்று: கடை வேண்டாம், வீட்டுச் சமையலறை. கண்ணாடி இல்லாத இடம். சத்தம் வருமென்று வீட்டுக்காரி அந்த நேரத்தில் பாத்திரம்கூடக் கழுவுவதில்லை.

நான்கு வரி வாசித்தாள். ஒரு கேள்விக்கு விடை தப்பு. நான் புருவத்தைக் கையால் மூடிக்கொண்டேன். மறுபடி வாசித்தாள். மாற்றினாள்.

மார்ச் 29

லாரி அண்ணன் திரும்பி வந்துவிட்டார். மழித்த பக்கமும் அதற்குள் வளர்ந்து சமமாகிவிட்டது. காசு வாங்கவில்லை.

ஏப்ரல் 9

பரீட்சை. இரண்டு முட்டை, ரொட்டி, பால் சாப்பிட்டுவிட்டுப் போனாள். வாசலில் என்னவெல்லாமோ சொல்ல வந்தது. “பென்சில் இருக்கா?” என்று மட்டும் கேட்டேன்.

சாயங்காலம் “எத்தனை சரி?” என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். அவளே சொன்னாள்: “கடைசிப் பக்கத்துக்குப் போகவே முடியலப்பா.” அழுகை வருமோ என்று பார்த்தேன். பசிக்கிறது என்றாள்.

ஜூன் 12

முடிவு வந்தது. கணக்கு நன்றாக இருக்கிறது. வாசிப்பில் ‘கூடுதல் உதவி தேவை’. அந்த மூன்று சொல்லையும் நானே வாசித்தேன். வாசிக்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கேஷியர் சார் கேட்டார். மறைக்கவில்லை. “தனி டீச்சர்கிட்ட போறா சார்” என்றேன். “பாவம்” என்றார். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

ஜூலை 3

சனிக்கிழமை, கடை நிறையக் கூட்டம். தனி டீச்சர் கொடுத்த கதைப் புத்தகத்தோடு பட்டாணி பெஞ்சு ஓரத்தில் சுருண்டிருந்தாள். உதடு அசையவில்லை. திடீரென்று தனக்குள்ளேயே களுக்கென்று சிரித்தாள்.

“என்னடி, எங்களுக்கும் சொல்லேன்.”

தலையைத் தூக்கவில்லை. “இருப்பா, இன்னும் முடிக்கல. அப்புறம் நீயே படிச்சுக்கோ.”

கத்தரிக்கோல் அப்படியே நின்றுவிட்டது.

“என்னப்பா, பாதியில நிறுத்திட்ட?” என்றார் நாற்காலியில் இருந்தவர்.

“ஒண்ணுமில்ல சார். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க” என்றேன்.